பசுவுக்கு இரங்குவோர் பால் கோப்பையை மறந்தது ஏன்?

2013ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் திகதி. வெசாக் தினம். நாடெங்கும் இறைச்சிக் கடைகள் மூடப்பட்டிருந்தன. அன்று, மாடுகள் அறுக்கப்படுவதைத் தடை செய்ய வேண்டும் என்று கோரிய இளம் பிக்கு ஒருவர், கண்டி தலதா மாளிகைக்கு அருகில் தமக்குத் தாமே தீ மூட்டிக்கொண்டார் என்ற செய்தி எங்கள் ஆசிரிய பீடத்தை வந்தடைந்தது. போவத்தே இந்திரரத்தன தேரர் என்பது அவரது பெயர். மறுநாள் அவர் கொழும்பு மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவர் எந்த ஊரைச் சேர்ந்தவர் என்று வாசித்தபோது என் பேனா நின்றது. கஹவத்தை. நான் லயன் அறையொன்றில் பிறந்து வளர்ந்த மண்.

ஓர் இளைஞன் தன் உயிரை மாய்த்துக்கொண்டதை நான் தியாகம் என்று அன்றும் எழுதவில்லை, இன்றும் எழுத மாட்டேன். அது வீணான இழப்பு. ஆயினும் அந்தச் செய்திக்குத் தலைப்பிட்டுவிட்டு நான் குடித்த பால் தேநீர் தொண்டைக்குள் சிக்கியது. அப்போது நான் இறைச்சியையும் மீனையும் விட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. 'சைவம்' என்று என்னைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமிதமும் இருந்தது. அந்தப் பெருமிதம் எவ்வளவு பொய்யானது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இறைச்சி என்பது தீபாவளிக்கும், தோட்டத்துச் சாமிக்குக் கிடா வெட்டும் நாளுக்கும் உரியது. மற்றைய நாட்களில் கோதுமை மா ரொட்டி, கட்டைச் சம்பல், கையில் காசிருந்தால் நெத்தலிக் கருவாடு. விடியற்காலையில் ரொட்டியைச் சுருட்டிக்கொண்டு மலைக்குப் போன என் தாய்க்கு, இதில் எது சைவம், எது அசைவம் என்ற ஆராய்ச்சி இருந்ததில்லை. பத்திரிகைத் தொழிலுக்காகக் கொழும்பு வந்த பின்னர்தான் தினந்தோறும் இறைச்சி உண்ணும் வசதி எனக்கு வாய்த்தது. ஒரு செய்திக்காக இறைச்சி மடுவம் ஒன்றுக்குப் போய், முறை வந்ததும் நகர மறுத்து நின்ற எருமையொன்றின் கண்களைப் பார்த்த நாளில் அதை விட்டேன். விடுவது கடினமாக இருக்கவில்லை. மாசிக் கருவாடு இடித்துச் சேர்க்காத சம்பலைத் தேடித் திரிந்ததுதான் பெரும்பாடு.

பாலை விடவில்லை. பால் யாரையும் கொல்வதில்லை என்று நம்பினேன்.

2013ஆம் ஆண்டின் அந்த வெசாக்குக்குச் சில வாரங்களின் பின் ஊருக்குச் சென்றேன். என் மாமன் மகன் லயத்தின் பின்புறம் இரண்டு பசுக்கள் வைத்திருந்தான். முந்தைய முறை சென்றபோது அங்கே துள்ளிக்கொண்டிருந்த கன்றைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"கெடேரின்னா வச்சுக்கலாம் மச்சான். காளக்கன்னு என்னத்துக்கு ஆகும்? யாவாரிக்குக் குடுத்தாச்சு" என்றான்.

வியாபாரி அதை எங்கே கொண்டு போவான் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. பசு பால் தர வேண்டுமானால் கன்று ஈன வேண்டும். ஈனும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளை. உழவுக்கு இயந்திரம் வந்துவிட்டது. இனப்பெருக்கத்துக்குச் சினை ஊசி வந்துவிட்டது. கறவை நின்ற பசுவுக்கும் இதே கதிதான். அவற்றை ஆயுள் முழுதும் வைத்துத் தீனி போட, நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் குடும்பத்தால் இயலாது. ஆகவே ஒவ்வொரு பால் கோப்பைக்குப் பின்னாலும் ஓர் இறைச்சிக் கடை இருக்கிறது. பால் குடிப்பவன் அந்தக் கடையின் பங்காளி. இருபது ஆண்டுகள் நானும் பங்காளியாக இருந்தேன். அன்றிலிருந்து பாலையும் தயிரையும் நெய்யையும் விட்டேன்.

இனி என் வழக்குக்கு வருகிறேன்.

மாடறுப்பைத் தடை செய்யுங்கள் என்று கொடி பிடிப்போரைக் கேட்கிறேன்: நீங்கள் பால் குடிப்பதை நிறுத்தினீர்களா? 2020 செப்டெம்பரில் அன்றைய பிரதமர் மகிந்த ராஜபக்ச முன்வைத்த மாடறுப்புத் தடை யோசனைக்கு அமைச்சரவை இணக்கம் தெரிவித்தது. அதே யோசனையில், இறைச்சி உண்போருக்காக மாட்டிறைச்சியை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து சலுகை விலையில் வழங்கவும் இடம் இருந்தது! வெளிநாட்டு மாட்டுக்கு உயிர் இல்லையா? இந்த நாட்டு எல்லைக்குள் வடியும் இரத்தம் மட்டுந்தான் பாவமா? இதற்குக் கருணை என்று பெயர் சூட்ட என்னால் முடியாது. அந்தத் தடையின் முகவரி மாடு அன்று, மாட்டிறைச்சி விற்கும் முஸ்லிம் வியாபாரி. 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹலால் முத்திரைக்கு எதிராக எழுந்த கூச்சலைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். விலங்குகளின் பெயரால் மனிதரை வெறுப்பவர்களுக்கு விலங்குகள் ஒருபோதும் நன்றி சொல்லா.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தைப் பகுதித் தோட்ட மக்கள் தாக்கப்பட்டு, உடைமைகளை இழந்து ஓடினார்கள். உயிர்க் கருணை போதிக்கப்பட்ட அதே மண்ணில் அது நடந்தது. கருணைக்குப் பட்டியல் போட்டு, அதில் அயலவனை மட்டும் விட்டுவிடும் வழக்கம் நம் நாட்டில் பழையது.

சிங்களவரை மட்டும் சாடி நழுவிவிட மாட்டேன். நம்மவரிடமும் வழக்கு இருக்கிறது. ஒரு சமயத்தின் பெயரையே சாப்பாட்டின் பெயராக்கிக்கொண்டவர்கள் நாம். 'அவர்கள் மாடு தின்பவர்கள்' என்று சொல்லித் தோட்டத்து மக்களையும் ஒடுக்கப்பட்ட சாதியினரையும் திண்ணைக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே அமர்ந்து தயிர்ச் சோறு உண்டவர்கள் நாம். அந்தத் தயிருக்கான பசுவின் கன்றை யார் தலையில் கட்டினோம்? இழிவானவன் என்று நாம் ஒதுக்கியவனின் தலையில். கொலையின் பயன் நமக்கு, கொலையின் பழி அவனுக்கு. இப்படிப்பட்ட சைவத்தில் தூய்மை இருக்கலாம், அறம் இல்லை. இக்காரணத்தாலேயே தாவர உணவு நெறிக்குத் தமிழில் 'நனிசைவம்' என்று பெயரிடுவதும் எனக்கு உவப்பில்லை. மீண்டும் ஒரு படி மேலே ஏறி அமரும் ஆசை அதில் தொனிக்கிறது. 'வீகன்' என்றே இருக்கட்டும். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் அந்தச் சொல்லைப் படைத்ததும், இறைச்சியை விட்டவர் பாலை விடாதது ஏன் என்ற இதே கேள்வியால்தான்.

காந்தியடிகளையும் இக்கேள்வி விடவில்லை. 1912இல் பாலைத் துறந்தவர், பின்னர் கடும் நோயுற்றபோது ஆட்டுப்பாலை ஏற்றார். அது தம் மனத்தை உறுத்துகிறது என்று சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதினார். அந்த நேர்மையில் கால்பங்கு நமக்கு இருந்தால் போதும்.

இப்போது நண்பர்கள் கேட்கும் கேள்வி: "அரைப்பட்டினி கிடக்கும் தோட்டத்துப் பிள்ளையிடமிருந்து பாலையும் முட்டையையும் பறிக்கச் சொல்கிறீரா?" நியாயமான கேள்வி. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய ரீதியில் 17 விழுக்காடு. தோட்டப்புறத்தில் அது 32 விழுக்காடு. ரொட்டியும் சம்பலும் உண்டு வாழும் அந்தத் தாய் ஏற்கெனவே பெரும்பாலும் தாவர உணவுக்காரிதான். ஆனால் அவள் அதைத் தெரிவு செய்யவில்லை. இல்லாமையை நோன்பு என்று புகழ்வது கயமை. அவளிடம் நான் எதையும் விடச் சொல்லவில்லை. அவளுக்குப் பருப்பும் பயறும் கடலையும் கீரையும் வயிறார வாங்கக்கூடிய சம்பளத்தைக் கொடுங்கள் என்று தோட்டக் கம்பனிகளையும் அரசையும் கேட்கிறேன். நாட்சம்பளம் 1000 ரூபாவை எட்டவே 2021 வரை போராட வேண்டியிருந்தது. எட்டிய மறு ஆண்டே விலைவாசி அதை விழுங்கிவிட்டது.

விடச் சொல்வது, தெரிவு செய்ய வசதியுள்ள என்னையொத்தவர்களை. அதற்கு வெளிநாட்டு வாதுமைப் பால் வேண்டியதில்லை. சப்ரகமுவ மண்ணில் பலாவும் ஈரப்பலாவும் தேங்காயும் வல்லாரையும் குறைவற விளைகின்றன. கடைதோறும் சோயாமீட் தொங்குகிறது. பீ12 உயிர்ச்சத்து மட்டும் தாவர உணவில் போதிய அளவு கிடையாது. அதற்கு மாத்திரை எடுக்கிறேன். இதை மறைத்துப் பிரசாரம் செய்பவர்களை நம்பாதீர்கள்.

சட்டத்தால் ஒருவன் கையிலிருந்து கத்தியைப் பறிக்கலாம். அந்தக் கத்திக்கு வேலை கொடுப்பது நம் கோப்பை என்பதை எந்தச் சட்டமும் உணர்த்தாது. இறைச்சிக் கடைக்கு முன் கொடி பிடிக்கப் புறப்படும் அன்பர், போகுமுன் காலையில் தாம் குடித்தது என்னவென்று ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும்.

என் தாய் மலையில் குடித்தது பாலில்லாத சாயத் தேநீர். வறுமையால் குடித்தாள். நான் இப்போது விரும்பிக் குடிக்கிறேன். அவளுக்கும் அந்த விருப்பம் வாய்த்திருக்க வேண்டும் என்பதே என் ஆற்றாமை.