தொட்டில் பிள்ளைக்கு நிழல் கொடுப்போம்

தைப்பூசம் நெருங்குது. தொண்டர்கள் சார்பா ஒரு விஷயத்தை மனசு விட்டுச் சொல்றோம்.

போன வருஷம் மத்தியானம் 12 மணி. கரும்புத் தொட்டில் வரிசை நகரவே இல்லை. ஒரு கைக்குழந்தை அழுது அழுது முகம் சிவந்து, கடைசியில் அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு போச்சு. நிழலுக்குத் தூக்கிட்டுப் போய் ஈரத்துணியால் துடைச்ச பிறகுதான் தெளிஞ்சது. அந்த இடத்தில் கூடாரம் போடாமல் விட்டது நாங்கதான். செலவு மிச்சம்னு நினைச்சோம்.

வெயில் அன்னிக்கோட போயிடும்னு நினைக்கிறோம். ஆனா, அமெரிக்காவில் 1969 முதல் 1977 வரை பிறந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அவங்க தாய் வயிற்றில் இருந்தபோதும் முதல் வயசிலும், இரவு பகல் சேர்த்த சராசரி வெப்பம் 32 டிகிரியைத் தாண்டின ஒவ்வொரு நாளுக்கும், 30 வயசில் அவங்க சம்பாத்தியம் ஆயிரத்துக்கு ஒன்று குறைஞ்சிருக்கு.

ஆயிரம் வெள்ளிக்கு ஒரு வெள்ளிதானேன்னு சொல்லலாம். அப்படி 30 நாள் வந்தால்? சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது சின்னக் கணக்கு இல்லைங்க.

ஒரு திருவிழா வெயிலால் பிள்ளையோட தலையெழுத்தே மாறிடும்னு நாங்க பயமுறுத்தலை. நம்ம ஊரில் அந்தச் சராசரி லேசில் வராது. ஆனால் வேர்த்து உடம்புச் சூட்டைத் தணிக்கும் சக்தி கைக்குழந்தைக்குக் குறைவு. தகரக் கூரை வீட்டில் வேகும் பிள்ளை, கோயிலுக்கு வந்தும் வேகணுமா?

அதே ஆய்வு இன்னொன்றும் சொல்லுது. ஏர்கோன் பரவிய இடங்களில் அந்தப் பாதிப்பு ஏறக்குறைய இல்லாமல் போச்சு. அப்போ இது விதி இல்லை, ஏற்பாடு. எங்களில் பலர் ஃபேக்டரி ஆளுங்க. மெஷின் பேனல் சூடாகக் கூடாதுன்னு அங்கே நாள் முழுக்க ஏர்கோன் ஓடுது. இரும்புக்குக் காட்டுற அக்கறையைப் பிள்ளைக்குக் காட்டக் கூடாதா?

அதனால் நிர்வாகத்திடம் கேட்கிறோம்: கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தனி வரிசை, மேலே கூடாரம், பக்கத்தில் காத்தாடி. அலங்கார விளக்கு ஒரு வரிசை குறைஞ்சா முருகன் கோவிச்சுக்க மாட்டான். பெற்றோர்களே, தொட்டில் வேண்டுதலைக் காலை வெயில் ஏறுவதற்குள் முடிச்சிடுங்க. நேரம் மாறினால் நேர்த்திக்கடன் குறையாது.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!