டாக்டரிடம் மறைக்காதீங்க!

தத்தெடுத்த குழந்தை என்பதை ஊருக்குச் சொல்வதும், சொல்லாததும் அவரவர் விருப்பம். ஆனால், குழந்தைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் மட்டும் மறைக்கவே கூடாது என்பது என் கருத்து.

மத்திய அரசின் தத்து ஆணையமான, 'காரா'வில் பதிவு செய்து, 2019ல், நாங்கள் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தோம். ஒடிசாவில், ஓர் இல்லத்தில் இருந்த, 14 மாதக் குழந்தை. வந்த முதல் வாரமே, குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். துணைக்கு என் மாமியாரும் வந்தார்.

'குடும்பத்துல யாருக்காவது ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை உண்டா?' என்று டாக்டர் கேட்டதும், நான் வாய் திறப்பதற்குள், 'எங்க வம்சத்துல யாருக்கும் எதுவும் கிடையாதுங்க... சுகப் பிரசவம் தான்...' என்றார், மாமியார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பேத்தியை முழு மனதோடு ஏற்றுக் கொண்டதால் வந்த பேச்சு அது. 'தத்துப் பிள்ளை'ன்னு நாலு பேர் சொல்லிடக் கூடாதே என்ற பயமும் தான். ஆனாலும், 'தத்தெடுத்த குழந்தை டாக்டர். பெத்தவங்களைப் பத்தி எங்களுக்கு எதுவும் தெரியாது' என்று சொல்லி, இல்லத்தில் கொடுத்த மருத்துவ அறிக்கையை எடுத்து வைத்தேன்.

அதன்பின் தான், பார்க்க வேண்டியதை எல்லாம் டாக்டர் பார்த்தார். 'குடும்பத்தில் நோய் இல்லை' என்பது வேறு. 'தெரியாது' என்பது வேறு. தெரியாது என்றால் தானே தேடிப் பார்ப்பார்கள்! ரத்த சோகை, தைராய்டு, காச நோய், ஹெபடைடிஸ் பி மற்றும் சி, எச்.ஐ.வி., வயிற்றுப் பூச்சி, காது, கண் என, எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுத்தார்.

'அங்கேயே டெஸ்ட் எடுத்திருக்காங்களே... மறுபடி எதுக்கு?' என்று கேட்டோம். 'குழந்தைக்கு, 18 மாதம் ஆகும் வரை, தாயிடம் இருந்து வந்த எச்.ஐ.வி., எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கலாம். நோயே இல்லாமல், சாதாரண டெஸ்டில், 'பாசிட்டிவ்' காட்டும். அதனால், இந்த வயதில் கிருமியையே தேடும், பி.சி.ஆர்., டெஸ்ட் வேண்டும்' என்று விளக்கினார். தடுப்பூசி அட்டையில் தேதி இல்லாத ஊசிகளை, போடாததாகவே வைத்து, மறுபடி போட்டார். கூடுதலாக ஒரு முறை போடுவதால், பொதுவாகக் கெடுதல் இல்லையாம்.

குழந்தை நிற்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. 'அன்பாப் பார்த்துக்கிட்டா, தானா சரியாயிடும்' என்றனர், உறவினர்கள். டாக்டரோ, முதலில் காது கேட்கிறதா என்று உறுதி செய்தார். 'இத்தனை நாள் ஒடியா கேட்டு வளர்ந்த குழந்தை. தமிழ் புரிய நாளாகும். ஆனா, அதையே காரணமா வச்சு சும்மா இருக்கக் கூடாது' என்று, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லி, எடை, உயரம், தலைச் சுற்றளவு குறித்து வந்தார். நடக்கப் பழக்கும் பயிற்சிகளையும் சொல்லிக் கொடுத்தார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்... 1989ல், ருமேனியாவில் ஆட்சி கவிழ்ந்த பின், அங்குள்ள இல்லங்களில் இருந்து இங்கிலாந்துக்குத் தத்துப் போன குழந்தைகளை, ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கவனித்தனராம். ஆறு மாதத்துக்குள் வந்த குழந்தைகள், பெரும்பாலும் மற்ற பிள்ளைகளை எட்டிப் பிடித்து விட்டனர். அதற்கு மேல் இல்லத்தில் இருந்து வந்தவர்களில் பலருக்கு, நீண்ட காலம் உதவி தேவைப்பட்டதாம். அன்பு அவசியம்; ஆனால், அன்பு மட்டும் போதாது என்பது, இதில் இருந்தே தெரிகிறதல்லவா?

'இத்தனை டெஸ்டா... குழந்தையைச் சந்தேகப்படறீங்களா?' என்று கேட்போரும் உண்டு. வேண்டுமா, வேண்டாமா என்று தரம் பார்க்க அல்ல இந்தப் பரிசோதனை. நம் குழந்தைக்கு என்ன தேவை என்று தெரிந்து கொள்ளத் தான். செலவுக்குப் பயப்படுவோர், அரசு மருத்துவமனைகளில் உள்ள, மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களுக்குப் போகலாம். வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிந்து, பயிற்சியும் இலவசமாகத் தருகின்றனர்.

தத்தெடுக்கப் போகும் சகோதரிகளே... இல்லத்தில் தரும் மருத்துவ அறிக்கையை, ஒப்புதல் தரும் முன்பே உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தை வீட்டுக்கு வந்ததும், இரண்டு வாரத்துக்குள் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே பைலில் வையுங்கள். நாளை அவள் வளர்ந்து, தனக்கே ஒரு குழந்தை பிறக்கும் நாளில், டாக்டர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல, அந்த பைல் தான் அவளுக்கு உதவும்!

— ஒரு தாய், திருச்சி.