கவுன்சில் திவாலானா பில் யாருக்கு? லண்டன் குரோய்டன் கேபினட் சொல்லும் பாடம்

2023 ஏப்ரலில் தெற்கு லண்டனின் குரோய்டன் பகுதியில் வீடு வைத்திருந்தவர்களுக்கும் வாடகைக்கு இருந்தவர்களுக்கும் ஒரு பில் வந்தது. கவுன்சில் வரி கிட்டத்தட்ட 15 சதவீதம் ஏறியிருந்தது. நடுத்தர வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 200 பவுண்டுக்கு மேல் கூடுதல். வழக்கமாக 5 சதவீதத்தைத் தாண்டி ஏற்ற வேண்டுமென்றால் அந்தப் பகுதி மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தணும். குரோய்டனுக்கு மத்திய அரசு விலக்கு கொடுத்தது. காரணம், கவுன்சிலின் கஜானா காலி.

குரோய்டன் தமிழர்களுக்குப் புதிய ஊர் இல்லை. பிரிட்டனின் குடிவரவுத் துறை இயங்கும் லூனார் ஹவுஸ் கட்டடம் அங்கேதான் இருக்கிறது. இலங்கையிலிருந்து போய் தஞ்சம் கேட்ட பல குடும்பங்கள் லண்டனில் ஏறி இறங்கிய முதல் அரசு அலுவலகம் அது. பிறகு அந்தப் பக்கமே குடியேறியவர்களும் நிறைய. அந்த 15 சதவீத பில் அவர்கள் வீட்டுக் கதவு வழியாகவும்தான் விழுந்தது.

சரி, கஜானாவைக் காலி பண்ணியது யார்? பதில் தேடிப்போனால், பலரும் பெயர்கூடக் கேட்டிராத ஒரு குழுவில் போய் நிற்கும்: கவுன்சிலின் 'கேபினட்'.

ஒரு உள்ளூர் கவுன்சிலுக்கு எதுக்குங்க கேபினட்?

லண்டனில் 32 பரோக்கள். ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கவுன்சில். 2000-ம் ஆண்டுக்கு முன்பு கல்வி, வீட்டு வசதி, சாலை என்று துறைக்கு ஒரு குழு இருக்கும். எல்லாக் கட்சி உறுப்பினர்களும் அதில் உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். மெதுவாக நடக்கிறது, யார் பொறுப்பு என்றே தெரியவில்லை என்ற புகார் இருந்தது. 2000-ல் வந்த உள்ளாட்சிச் சட்டம் இதை மாற்றியது. தலைவரையும் சேர்த்து அதிகபட்சம் 10 பேர் கொண்ட கேபினட் வந்தது. ஆளுங்கட்சியே மொத்தமாக அதில் உட்காரலாம்.

குரோய்டனில் கவுன்சிலர்கள் 70 பேர். மக்கள்தொகை சுமார் 3.9 லட்சம். அன்றாட நிர்வாகத்தின் பெரிய முடிவுகள், அதாவது எந்த ஒப்பந்தம், எந்தக் கட்டடம், எந்த நூலகம் என்பதெல்லாம், இந்தப் பத்துப் பேர் கையில். ஆண்டு பட்ஜெட்டையும் வரி விகிதத்தையும் முழு கவுன்சில் வாக்களித்து நிறைவேற்றணும். அதையும் தயாரித்துக் கொண்டுவருவது கேபினட்தான்.

மற்ற கவுன்சிலர்கள்? அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கேள்வி கேட்பது. அதற்கென்று 'ஸ்க்ரூட்டினி' குழு உண்டு. கேபினட் எடுத்த முடிவை அது நிறுத்திவைத்து, 'மறுபடி யோசிங்க' என்று திருப்பி அனுப்பலாம். ரத்து செய்ய முடியாது. அதே முடிவை கேபினட் மறுபடி எடுத்தால், அதோடு கதை முடிந்தது.

முன்னுரிமை என்று சொல்வது எது?

எல்லா கவுன்சிலும் பளபளப்பான திட்ட அறிக்கை ஒன்று வெளியிடும். 'பாதுகாப்பான தெருக்கள்', 'பசுமையான பரோ', 'இளைஞர்களுக்கு வாய்ப்பு' என்று பட்டியல் நீளும். படிக்க நன்றாக இருக்கும். பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் படம் வேறு.

செலவில் பெரும்பகுதி, சட்டப்படி செய்தே தீர வேண்டிய வேலைகளுக்குப் போகிறது. முதியோர் பராமரிப்பு, மாற்றுத்திறனாளிகள் கவனிப்பு, பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத குழந்தைகள், வீடற்றவர்களுக்குத் தற்காலிகத் தங்குமிடம். இதில் கேபினட் கை வைக்க முடியாது. லூனார் ஹவுஸ் இருப்பதால் குரோய்டனுக்கு இன்னொரு பொறுப்பும் சேர்ந்தது: பெரியவர்கள் துணையில்லாமல் தனியாக வந்து தஞ்சம் கேட்கும் சிறுவர்களைப் பராமரிப்பது.

மீதி இருப்பது கொஞ்சம். நூலகம், பூங்கா, இளைஞர் மையம், கலை நிகழ்ச்சிகள் எல்லாம் அந்தக் கொஞ்சத்தில் அடங்கணும். நூலகம்கூட சட்டக் கடமைதான். ஆனால் எத்தனை கிளை, எத்தனை மணி நேரம் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் பணம் குறையும்போது முதல் வெட்டு விழுவது இங்கேதான்.

2010-க்குப் பிறகு மத்திய அரசின் மானியம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. பராமரிப்புச் செலவோ ஏறிக்கொண்டே போனது. இந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதுதான் கடந்த பதினைந்து ஆண்டுகளாக ஒவ்வொரு கேபினட்டின் மேஜையிலும் இருந்த நிஜமான கேள்வி. பலரும் கண்டுபிடித்த பதில்: கடன் வாங்கி வியாபாரம் செய்.

குரோய்டன் என்ன செய்தது?

அரசின் கடன் அமைப்பிலிருந்து கவுன்சில்களுக்குக் குறைந்த வட்டிக்குப் பணம் கிடைத்தது. அதை வாங்கி ஏதாவது சொத்தில் போட்டால் வாடகை வரும், அதிலிருந்து நூலகம் நடத்தலாம் என்பது கணக்கு. குரோய்டன் மட்டும் செய்யவில்லை. 2016–17 முதல் 2018–19 வரையிலான மூன்று ஆண்டுகளில் இங்கிலாந்து கவுன்சில்கள் வணிகச் சொத்துகளில் 660 கோடி பவுண்ட் போட்டதாக தேசியத் தணிக்கை அலுவலகம் 2020-ல் சொன்னது.

அப்போது தொழிலாளர் கட்சி கையில் இருந்த குரோய்டன் கேபினட்டின் கணக்கு இப்படிப் போனது:

* பிரிக் பை பிரிக்: கவுன்சிலுக்கே சொந்தமான வீடு கட்டும் கம்பெனி. கிட்டத்தட்ட 20 கோடி பவுண்ட் கடன் கொடுக்கப்பட்டது. 2020-ல் தணிக்கை அறிக்கை வந்தபோது, அதிலிருந்து கவுன்சிலுக்கு லாபப் பங்கு எதுவும் வந்து சேர்ந்திருக்கவில்லை.
* குரோய்டன் பார்க் ஹோட்டல்: 2018-ல் ஏறக்குறைய 3 கோடி பவுண்டுக்கு வாங்கப்பட்டது. 2020-ல் கொரோனா வந்தது, ஹோட்டலை நடத்திய நிறுவனம் நொடித்தது. அடுத்த ஆண்டே சுமார் 2.5 கோடிக்கு விற்கப்பட்டது.
* ஃபேர்ஃபீல்ட் ஹால்ஸ்: ஊரின் பழைய கலையரங்கம். 3 கோடி பவுண்டில் புதுப்பிப்பதாகத் திட்டம். செலவு 6.75 கோடியைத் தொட்டது.

2020 அக்டோபரில் வெளித் தணிக்கையாளரான கிராண்ட் தார்ன்டன், பொது நலன் கருதிய சிறப்பு அறிக்கை ஒன்றை வெளியிட்டது. நிலைமை எவ்வளவு மோசம் என்பதைப் பார்க்காமல் ஒட்டுமொத்த நிர்வாகமும் கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்பதுதான் அதன் சாரம். கையிருப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கிறது என்ற எச்சரிக்கை முன்பே தரப்பட்டிருந்தது. கேட்டவர் இல்லை.

அடுத்த மாதம், நவம்பர் 11 அன்று, கவுன்சிலின் நிதித் தலைமை அதிகாரி '114 நோட்டீஸ்' விட்டார். 1988-ம் ஆண்டு சட்டத்தின் 114-வது பிரிவு இது. சட்டப்படி கவுன்சில் திவாலாக முடியாது. அதற்கு மிக அருகில் போகக்கூடிய இடம் இதுதான். புதிய செலவு எதற்கும் ஒப்பந்தம் போடக் கூடாது, 21 நாளில் முழு கவுன்சில் கூடியாகணும். டிசம்பரில் இரண்டாவது நோட்டீஸ். 2021 மார்ச்சில், 12 கோடி பவுண்ட் வரை கடன் வாங்கியோ சொத்தை விற்றோ அன்றாடச் செலவைச் சமாளிக்க மத்திய அரசு அனுமதி தந்தது. 2022 நவம்பரில் மூன்றாவது நோட்டீஸ். அப்போது மொத்தக் கடன் சுமார் 160 கோடி பவுண்ட்.

ஆளை மாத்தினா சரியாயிடுமா?

மக்கள் கோபத்தில் அமைப்பையே மாற்றிப் பார்த்தார்கள். 2021 அக்டோபர் வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் நேரடி மேயர் வேண்டும் என்றார்கள். 2022 மே மாதம் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜேசன் பெர்ரி மேயரானார்.

அவர் பெற்றுக்கொண்டது சாவிக்கொத்து இல்லை, கடன் பத்திரம். 15 சதவீத வரி ஏற்றம் அவர் கொண்டுவந்தது. முதலில் கவுன்சில் அதை வாக்களித்து நிராகரித்தது. வேறு வழியில்லாமல் அதே மாதம் நிறைவேறியது. 2024-ல் பிராட்மோர் கிரீன், பிராட் கிரீன், சாண்டர்ஸ்டெட், ஷெர்லி ஆகிய நான்கு நூலகங்கள் மூடப்பட்டன. 2025 ஜூலையில், நிலைமை கட்டுக்குள் வரவில்லை என்று மத்திய அரசு தன் கமிஷனர்களை அனுப்பியது. கட்சி மாறியாச்சு, முறை மாறியாச்சு. பில் மட்டும் மாறவில்லை.

இது ஒரு கட்சியின் குற்றம் என்று சுருக்கிவிடவும் முடியாது. கன்சர்வேட்டிவ் கையில் இருந்த தர்ரோக் 2022-ல் இதே 114-ல் விழுந்தது. கன்சர்வேட்டிவ் காலத்தில் கடனைக் குவித்த வோக்கிங், லிபரல் டெமாக்ரட் ஆட்சியில் 2023-ல் நோட்டீஸ் விட்டது. தொழிலாளர் கட்சியின் பர்மிங்காமும் நாட்டிங்காமும் அதே ஆண்டு. கொடிகள் வேறு வேறு. ஆனால் வோக்கிங்கும் தர்ரோக்கும் குரோய்டனும் விழுந்த குழி ஒன்றுதான்: சிலர் சேர்ந்து, பெரிய கடனில், வேகமாக, தங்களுக்குத் தெரியாத வியாபாரத்தில் இறங்கியது.

மத்திய அரசு மேல தப்பே இல்லையா?

இருக்கிறது, நிறையவே. மானியத்தை வெட்டிவிட்டு 'சொந்தக் காலில் நில்லுங்க' என்று சொன்னது லண்டனில் இருந்த மத்திய அரசு. லாபத்துக்காகச் சொத்து வாங்க அரசுக் கடன் கிடையாது என்று விதி வந்தது 2020 நவம்பரில்தான். அதாவது குரோய்டன் விழுந்த அதே மாதம். உள்ளாட்சிகளின் தணிக்கையைக் கவனித்துவந்த ஆடிட் கமிஷன் 2015-ல் மூடப்பட்டது. அதன் பிறகு 2022–23 கணக்குகளில் உரிய தேதிக்குள் தணிக்கை முடிந்தது வெறும் 1 சதவீதம். வீட்டுக்குப் பூட்டு போடாமல் திருடனை மட்டும் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

ஆனாலும் கேபினட் இந்த வாதத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது. மானியம் எல்லோருக்கும்தான் வெட்டப்பட்டது. எல்லோரும் ஹோட்டல் வாங்கவில்லை. குரோய்டனுக்குப் பக்கத்து பரோவான சட்டன், 2011 சட்டம் அனுமதித்ததும் பழைய குழு முறைக்கே திரும்பிவிட்டது. குழு முறை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் முடிவெடுக்கும் மேஜையிலேயே எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால், 'இந்த ஹோட்டல் ஓடலைன்னா என்ன பண்ணுவீங்க?' என்ற கேள்வி பணம் கட்டுவதற்கு முன்பே வந்திருக்கும்.

அப்போ என்ன செய்யணும்?

மூன்று விஷயம் மாறணும். ஒன்று, கேபினட் தன் முன்னுரிமைப் பட்டியலோடு 'இதற்காக எதை விடுகிறோம்' என்ற பட்டியலையும் வெளியிடணும். நான்கு நூலகத்தை மூடினால் எந்தச் செலவுக்காக மூடுகிறோம் என்று பக்கத்திலேயே எழுதணும். இரண்டு, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் போகும் எந்தக் கடனும் முதலீடும் முழு கவுன்சிலின் வாக்கெடுப்பு இல்லாமல் போகக் கூடாது. மூன்று, ஸ்க்ரூட்டினி குழுவின் தலைமை எதிர்க்கட்சியிடம் இருக்கணும். தன் கட்சித் தலைவரையே கேள்வி கேட்கும் தைரியத்தை எல்லாக் கவுன்சிலரிடமும் எதிர்பார்க்க முடியாது.

குடியிருப்பவர்கள் கையிலும் சில கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பெரிய முடிவு எதுவானாலும் 28 நாள் முன்னறிவிப்பு தரணும் என்பது விதி. கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்பே அறிக்கைகள் பொதுவில் வந்தாகணும். ஆண்டுதோறும் 30 வேலை நாட்களுக்குக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கக் கேட்கும் உரிமை உண்டு. வாக்காளர் யாராக இருந்தாலும் தணிக்கையாளரிடம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மளிகைக் கடை பில்லில் ஐம்பது பென்ஸ் கூடினாலே கேட்கிறவர்கள், இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

நாடாளுமன்றத் தேர்தல் என்றால் இரவெல்லாம் கண் விழித்து டிவி பார்ப்பவர்கள், உள்ளூர் கவுன்சில் தேர்தல் நாள் எப்போது என்றே தெரியாமல் இருப்பது சகஜம். குப்பை, தெருவிளக்கு, அப்பாவின் பராமரிப்பு, பிள்ளையின் நூலகம் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்தப் பத்துப் பேர்தான். அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று யாரும் பார்க்காமல் இருந்ததற்கான விலை குரோய்டனில் தெரிந்துவிட்டது. அதைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் அந்த அறையில் இல்லாதவர்கள்.