50 கேபி சுங்கச்சாவடியை இழுத்து மூடு!

தோழர்களே, நண்பர்களே, அரசு வேலைக்குப் படிச்சுக்கிட்டிருக்கிற தம்பி தங்கைகளே!

பரனூர் சுங்கச்சாவடி நம்ம மாவட்டத்துல எல்லாருக்கும் தெரியும். வண்டியை நிறுத்தி, காசைக் கட்டிட்டுத்தான் ஜிஎஸ்டி சாலையில மேல போக முடியும். அது கண்ணுக்குத் தெரியுற சாவடி. ரசீதாவது கொடுப்பாங்க.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சாவடி இருக்கு. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அதைத் தாண்டித்தான் போகணும். அதுக்குப் பேரு "போட்டோ அப்லோடு".

டிஎன்பிஎஸ்சி அறிவிக்கையை எடுத்துப் பாருங்க. புகைப்படம் 20 கேபியிலிருந்து 50 கேபிக்குள்ள இருக்கணும். கையெழுத்து 10 கேபியிலிருந்து 20 கேபிக்குள்ள இருக்கணும். ஒரு கேபி கூடினாலும் உள்ளே விடாது, குறைஞ்சாலும் உள்ளே விடாது.

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா? ஒரு கட்சி இதுக்கெல்லாம் பதிவு போடணுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கிறவங்களுக்கு இது பிரச்சினையே இல்லை. அதனாலதான் இத்தனை வருஷமா யாரும் பேசல. நாம பேசுவோம்.

கொக்கிலமேட்டுல ஒரு தங்கச்சி இருக்கான்னு வெச்சுக்குங்க. அப்பா கடலுக்குப் போறவர். வீட்டுக்கு ஒரே ஒரு டச் போன். குரூப் 4 எழுதணும்னு ஒரு வருஷமா ராத்திரி பகலா படிக்கிறா. விண்ணப்பத்துல பேரு, பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ் எண் எல்லாம் போன்லயே நிரப்பிட்டா. கடைசியில போட்டோ.

போன்ல எடுத்த படம் 3 எம்பி. அதாவது கேட்ட அளவைவிட 60 மடங்கு பெருசு. வாட்ஸ்அப்புல தனக்குத் தானே அனுப்பிப் பார்க்கிறா. சின்னதாகுது, ஆனா 50 கேபிக்குள்ள வரல. ஏதோ ஒரு ஆப் இறக்கி நசுக்கிப் பார்க்கிறா. இப்ப 17 கேபி. மறுபடியும் சிவப்பு எழுத்து. கையெழுத்துக்கு வந்தா இன்னும் வேடிக்கை. வெள்ளைத் தாள்ல நாலு கோடு, அதுல கனம் எங்கிருந்து வரும்? நசுக்கினா 6 கேபிக்கு இறங்கிடுது. "10 கேபி வேணும்"னு திரை அடம் பிடிக்குது.

இதுல அந்தப் பொண்ணோட தகுதி எங்க வருது? கணக்கு தெரியுமா, தமிழ் தெரியுமா, பொது அறிவு இருக்கா என்று கேளுங்க, பதில் சொல்லுவா. அவ முகத்தோட எடை என்னன்னு கேட்டா என்ன சொல்லுவா?

மறுநாள் மாமல்லபுரம் வந்து, திருக்கழுக்குன்றம் வழியா பஸ் ஏறி செங்கல்பட்டு போறா. ராட்டினங்கிணறு பக்கம் ஏதாவது பிரவுசிங் சென்டர் தேடுறா. கூட்டம். கடைக்குக் கடை ஒரு ரேட். ஒரு நாள் போச்சு, பஸ் காசு போச்சு, சென்டர் காசு போச்சு. கடைசித் தேதியா இருந்து சர்வரும் மக்கர் பண்ணினா அந்த வருஷமே போச்சு.

இதுல இன்னொரு கொடுமை. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வுக் கட்டணத்துல முழு விலக்கு இருக்கு. குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். போராடிப் பெற்ற உரிமை அது. அந்த 100 ரூபாயை ஒரு கையால வேண்டாம்னு சொல்லிட்டு, இன்னொரு கையால சென்டர் வாசல்ல நிறுத்தி வாங்க வைக்கிறாங்க. வடநெம்மேலிப் பக்கத்து இருளர் குடியிருப்புல இருந்து முதல் தலைமுறையா ஒரு பிள்ளை விண்ணப்பம் போடுது. சாதிச் சான்றிதழுக்கே நடையா நடந்த குடும்பம் அது. கட்டணத்துக்கு விலக்கு கொடுத்த அரசு, 50 கேபிக்கு ஏன் விலக்கு கொடுக்கல?

சரி, அளவாவது எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்கா? அதுவும் இல்லை.

வங்கித் தேர்வு நடத்துற ஐபிபிஎஸ்ஸுக்குப் போட்டோ, கையெழுத்து மட்டும் போதாது. இடது கட்டைவிரல் ரேகையும் கைப்பட எழுதின உறுதிமொழியும் வேணும். நாலுக்கும் நாலு பிக்சல் அளவு. உளியை இடது கையில பிடிச்சு வருஷக்கணக்கா கல் செதுக்குற மாமல்லபுரத்துத் தம்பியோட கட்டைவிரலைப் பாருங்க. தேய்ஞ்ச அந்த ரேகையை ஸ்டாம்ப் பேடுல ஒத்தி, போட்டோ எடுத்து, கேபி கணக்குக்குள்ள தெளிவா கொண்டு வரணும்.

அந்த உறுதிமொழியை ஆங்கிலத்துல மட்டும்தான் எழுதணுமாம். வங்கி எழுத்தர் தேர்வை 13 மாநில மொழிகள்ல நடத்தணும்னு ஒன்றிய நிதி அமைச்சகம் 2021 செப்டம்பர்ல அறிவிச்சுது. வினாத்தாள்ல தமிழ் வந்துடுச்சு. வாசல்ல இன்னும் வரல. தமிழ்ல தேர்வு எழுதலாம், ஆனா "நான் சொன்னது உண்மை"ன்னு தமிழ்ல எழுதிக் கொடுக்கக் கூடாது. இது என்ன நியாயம்?

யுபிஎஸ்சி 2024 குடிமைப் பணித் தேர்வுக்குக் கேட்டது வேற. விண்ணப்பம் தொடங்குற நாளுக்குப் பத்து நாளைக்கு மேல பழைய படம் கூடாது, படத்துலயே பேரும் எடுத்த தேதியும் இருக்கணும். நீட் நடத்துற தேசியத் தேர்வு முகமை, காது ரெண்டும் தெரியணும், வெள்ளைப் பின்னணி இருக்கணும், 80 சதவீதம் முகம் இருக்கணும்னு சொல்லுது. ஒரே பிள்ளை, ஒரே முகம். நாலு தேர்வுக்கு நாலு சட்டம்.

கேட்டா என்ன பதில் வரும்னு நமக்குத் தெரியும். "லட்சக்கணக்குல விண்ணப்பம் வருது, சர்வர் தாங்காது, இடம் போதாது."

சரி, கணக்குப் போடுவோம். 2024 ஜூன் 9 அன்னிக்கு நடந்த குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் மேல விண்ணப்பம். போட்டோ 50 கேபி, கையெழுத்து 20 கேபி, ஆளுக்கு மொத்தம் 70 கேபி. 20 லட்சம் பேருக்கு 140 ஜிபி. ஒரு 256 ஜிபி பென்டிரைவுல அடங்கிடும்! தமிழ்நாட்டு இளைஞர்கள் அத்தனை பேரோட முகமும் ஒரு சட்டைப் பைக்குள்ள அடங்குற இடத்துக்கு. ஆளுக்கு ஒரு எம்பி வரைக்கும் அனுமதிச்சாலும் 2 டிபி. அதுவும் கையடக்க ஹார்ட் டிஸ்க்ல அடங்கும். இடம் போதாதுன்னு இனிமே யாராவது சொன்னா இந்தக் கணக்கைக் காட்டுங்க.

இன்னொண்ணு. பெரிய படத்தைச் சேமிக்கணும்னே அவசியம் இல்லை. பிள்ளை 3 எம்பி படத்தைக் கொடுக்கட்டும். அதைச் சின்னதாக்குறது தளத்தோட வேலை. நம்ம போனுக்குள்ள இருக்கிற பிரவுசரிலேயே படத்தைச் சுருக்கி, அதுக்கப்புறம் அனுப்ப வைக்க முடியும். சர்வருக்குப் போய்ச் சேர்றது அதே 50 கேபிதான். வாட்ஸ்அப்புல படம் அனுப்பும்போது "முதல்ல கேபியைக் குறைச்சிட்டு வா"ன்னு அது உங்ககிட்ட கேட்குதா? தானா குறைச்சுத்தான் அனுப்புது. அரட்டைக்கு இருக்கிற வசதி அரசுத் தேர்வுக்கு ஏன் இல்லை?

முடியாதுன்னு சொல்ல வேண்டாம். மத்தியப் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி 2024ல புதுத் தளம் கொண்டு வந்தப்போ, பழைய போட்டோவை ஏத்தற முறையையே மாத்தி, கேமராவுல நேரா எடுக்கிற முறைக்குப் போயிடுச்சு. அதுலயும் வெளிச்சம், கண்ணாடி என்று வேற தொல்லைகள் உண்டு. ஆனா மனசு வெச்சா மாத்த முடியும்கிறது நிரூபணம் ஆயிடுச்சு.

டிஎன்பிஎஸ்சி விதியிலேயே ஒரு நல்ல வழி இருக்கு. ஹால் டிக்கெட்ல போட்டோ வரலைன்னாலோ, தெளிவா இல்லைன்னாலோ என்ன செய்யணும்? வெள்ளைத் தாள்ல ஒரு பாஸ்போர்ட் படத்தை ஒட்டி, பேரு, முகவரி, பதிவெண் எழுதி, கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை நகலோட தேர்வு மையத்துல கொடுக்கலாம். தேர்வு நாள்ல கோந்து தடவி ஒட்டின படம் செல்லும்னா, விண்ணப்ப நாள்ல 17 கேபி படம் ஏன் செல்லாது? ஆளை அடையாளம் காணத்தானே போட்டோ? முகம் தெரிஞ்சா போதாதா?

ஒரு விஷயம் தெளிவா சொல்றோம். பிரவுசிங் சென்டர் வெச்சிருக்கிற அண்ணன், அக்கா மேல நமக்குக் கோபம் இல்லை. அவங்களும் வாடகை கட்டிப் பொழைக்கிறவங்கதான். பல பேர் காசு வாங்காமலே செஞ்சும் கொடுக்கிறாங்க. நம்ம கோபமெல்லாம், தன் வேலையைக் குடிமக்கள் தலையில கட்டிட்டு அதுக்கு "டிஜிட்டல்"னு பேரு வைக்கிற நிர்வாகத்து மேலதான்.

போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். கடைசித் தேதி நமக்காகக் காத்திருக்காது. அதனால இப்பவே செய்ய வேண்டியது:

• வெள்ளைச் சுவர் முன்னாடி, பகல் வெளிச்சத்துல படம் எடுங்க. முதல்ல தலை, தோள் மட்டும் இருக்கிற மாதிரி வெட்டுங்க. வெட்டாம நசுக்கினா முகம் கலங்கிடும்.

• அப்புறம் பிக்சலைக் குறைங்க. 3.5க்கு 4.5 செ.மீ. படம், 200 டிபிஐ என்றால் சுமார் 276க்கு 354 பிக்சல். கம்ப்யூட்டர் கிடைச்சா பெயிண்ட்ல 'ரீசைஸ்' போதும். ஜேபிஜியா சேமிங்க. 20 கேபிக்குக் கீழ போனா பிக்சலைக் கொஞ்சம் கூட்டுங்க. கையெழுத்துக்கும் இதே வழிதான்.

• அந்தந்தத் தேர்வோட அறிவிக்கையைத் திறந்து அளவைச் சரிபாருங்க. ஒண்ணுக்குச் செஞ்சது இன்னொண்ணுக்கு ஆகாது.

• "இலவசமா சுருக்கித் தர்றோம்"னு சொல்ற முகம் தெரியாத தளங்கள்ல உங்க கையெழுத்தையும் ஆதாரையும் ஏத்தாதீங்க.

• சென்டர்ல போட்டாலும் மெயில் ஐடி, செல் நம்பர் உங்களோடதா இருக்கட்டும். கடைக்காரர் மெயில்ல பதிஞ்சா, பாஸ்வேர்டு மறந்த அன்னிக்கு மாட்டிக்குவீங்க. வேலை முடிஞ்சதும் லாக் அவுட் பண்ணி, ஃபைலை அழிச்சிட்டு வாங்க.

• ஏத்த முடியலைன்னா, நேரம் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. நாளைக்கு முறையிட அதுதான் சாட்சி.

நம்ம கோரிக்கைகள்:

1. எந்த அளவு படம் கொடுத்தாலும் தளமே அதைச் சுருக்கி ஏத்துக்கணும். குறைந்தபட்ச கேபி என்கிற விதியை எடுக்கணும். முகம் தெளிவா இருக்கான்னு மட்டும் பார்க்கணும்.

2. ஒன்றிய, மாநில ஆணையங்கள் எல்லாத்துக்கும் ஒரே போட்டோ அளவு. 5 வருஷத்துக்குச் செல்லும் ஒருமுறைப் பதிவு முறையை டிஎன்பிஎஸ்சி ஏற்கெனவே வெச்சிருக்கு. ஒரு தடவை கொடுத்தா போதும் என்கிற அந்த எண்ணத்தை எல்லாருக்கும் பொதுவாக்கட்டும்.

3. போட்டோ, கையெழுத்துக் குறைக்காக மட்டும் எந்த விண்ணப்பத்தையும் நிராகரிக்கக் கூடாது. குறுஞ்செய்தி அனுப்பி, திருத்த வாய்ப்புக் கொடுத்து, அதுக்கப்புறமும் முடியலைன்னா தேர்வு மையத்துல ஒட்டிக் கொடுக்க அனுமதிக்கணும்.

4. பிழைச் செய்தி தமிழ்ல வரணும். வங்கித் தேர்வு உறுதிமொழியைத் தமிழ்ல எழுத உரிமை வேணும்.

5. விண்ணப்பக் காலத்துல கோவளத்துல இருந்து கடலூர்க் குப்பம் வரைக்கும், திருப்போரூர், செய்யூர் வட்டக் கிராமங்கள்லயும் இ-சேவை மையங்கள்லயும் நூலகங்கள்லயும் இந்த உதவியைக் காசில்லாம கொடுக்கணும்.

இதுக்குக் கோடிகள் வேண்டாம். புதுச் சட்டம் வேண்டாம். தளத்தை எழுதுற பொறியாளருக்குச் சில நாள் வேலை. அந்தச் சில நாள் வேலையைச் செய்யாததால, எத்தனையோ பேர் தங்களோட நேரத்தைத் தொலைக்கிறாங்க.

தோழர்களே, உங்க தெருவுல யாராவது விண்ணப்பம் போடுறாங்களான்னு இன்னிக்கே கேளுங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்ச தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை கிளை அலுவலகத்துல ஒரு மேசை போட்டு உட்காருங்க. போட்டோவால விண்ணப்பம் தவறின அனுபவம் இருந்தா கமெண்ட்ல எழுதுங்க. பதிவெண், செல் நம்பர் போடாதீங்க. எல்லாத்தையும் தொகுத்து மனுவா கொடுப்போம்.

படிச்ச பிள்ளையை வாசல்ல நிறுத்தாதே!
முகத்தைப் பார், கேபியைப் பார்க்காதே!

#50கேபி_சுங்கச்சாவடி
#தேர்வுவாசலைத்_திற
#செங்கல்பட்டு