விபத்தும் விசாரணையும்

தனக்கு நேர்ந்த துன்பத்தை மறக்க விரும்பும் மனிதன், பிறர்க்கு நேர்ந்த துன்பத்தைப் பார்க்க மட்டும் விரைந்து ஓடுகிறான். சாலையில் ஒரு வண்டி கவிழ்ந்தால் நொடிப்பொழுதில் கூட்டம் கூடுவதைக் காணாதார் யார்? மக்களின் இவ்வியல்பை நன்குணர்ந்தே, விமானம் வீழ்ந்ததும், புகைவண்டி தடம் புரண்டதும், பாலம் இடிந்ததுமாகிய நிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சியார் ஆவணப் படங்களாக்கி நம் இல்லந்தோறும் அனுப்புகின்றனர். கனடா நாட்டில் 2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, நம் நாட்டில் ‘ஏர் கிராஷ் இன்வெஸ்டிகேஷன்’ என்னும் பெயரால் அறியப்படும் தொடர் இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது.

இத்தகைய படமொன்றை எங்கள் விடுதியில் பலரும் கண்டுகொண்டிருந்த ஓர் இரவில், நண்பரொருவர் எழுந்து, “பிறர் சாவதை இருக்கையில் சாய்ந்திருந்து வேடிக்கை பார்ப்பது அறமாகுமோ?” என்று வினவி வெளியேறினார். அவ்வினா என்னை நெடுநாள் வருத்தியது. ஆராயுங்கால், அவர் கூற்றில் பாதி உண்மை என்றும், மற்றைப் பாதியே இங்கு நாம் சிந்திக்கத் தக்கது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

முதற்கண் அவர் கூறிய குறையை ஒப்புக்கொள்வோம். ஒரே தீப்பிழம்பைப் பத்து முறை காட்டுவதும், நெஞ்சு பதைக்கும் இசையை இடையிடையே முழக்குவதும், இறுதி நொடிகளை எண்ணிக் காட்டுவதும் இப்படங்களில் உண்டு. உற்றாரை இழந்தார் ஒருவர் இதனைக் காண நேர்ந்தால் அவர் மனம் என்ன பாடுபடும் என்பதை இவற்றை எடுப்போர் எல்லாரும் எண்ணுவதாகத் தெரியவில்லை.

எனினும், படத்தின் முற்பகுதி அழிவைக் காட்டுமேயன்றி, பிற்பகுதி முழுவதும் விசாரணையையே காட்டுகிறது. சிதறிய தகடுகளைப் பொறுக்கி வரிசைப்படுத்துவோரும், குரற்பதிவை நூறு முறை கேட்போரும், முறிந்த ஓர் ஆணியைப் பெருக்காடியில் வைத்து நோக்குவோரும் அங்கே வருகின்றனர். அவர்கள் கேட்கும் கேள்வி, “யாரைத் தூக்கிலிடலாம்?” என்பதன்று, “இது மீண்டும் நிகழாதிருக்க யாது செய்யலாம்?” என்பதே. விமான விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனிவரும் விபத்தைத் தடுப்பதேயன்றிப் பழி சுமத்துவதன்று என்பது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதியாகும்.

இவ்விசாரணையின் பயன் யாதென்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாலை, டில்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு மேலே, சவூதி அரேபிய விமானமும் கஜகஸ்தான் விமானமும் வானிலேயே மோதின, 349 பேர் மாண்டனர், ஒருவரும் பிழைத்திலர். 15,000 அடி உயரத்தில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம், 14,000 அடியில் சென்ற மற்றை விமானத்தின் உயரத்திற்கு இறங்கிவிட்டமையே காரணம் என விசாரணை கண்டது. அத்துடன் அது நின்றுவிடவில்லை. வருவனவற்றிற்கும் செல்வனவற்றிற்கும் வெவ்வேறு வான்வழிகள் வகுக்கப்பட்டன. மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் கருவி விமானங்களில் கட்டாயமாயிற்று. இன்று நாம் அச்சமின்றிப் பறப்பது அந்த 349 பேர் தம் உயிரை விலையாகக் கொடுத்து வாங்கித் தந்த பாதுகாப்பினாலன்றோ?

விமானத்தின் ‘கறுப்புப் பெட்டி’யைப் பலரும் அறிவர். அதனை எண்ணிப் படைத்தவர் ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரன். அவர் சிறுவராயிருந்தபோது, 1934ஆம் ஆண்டில், அவர் தந்தையார் ஒரு விமான விபத்தில் உயிர் துறந்தார். தந்தையை இழந்த அச்சிறுவர் வளர்ந்தபின், விபத்தின் காரணத்தைக் காத்து வைக்கும் கருவியொன்றைச் செய்தளித்தார். துயரம் அறிவாக மாறுவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

நிற்க. இனி நம் தமிழ்நாட்டு நிலையைக் காண்போம். 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூருக்கு அருகே, பெருமழையால் பெருக்கெடுத்த மருதையாற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவ்வண்டி மதுரை, விருதுநகர் வழியாகத் தெற்கே செல்வது. ஆதலின் அது நம் பக்கத்து மக்களின் வண்டியுமாகும். அவ்விபத்தையடுத்து இரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பதவி துறந்ததை நாம் பள்ளியிலேயே படித்துப் போற்றுகிறோம். அது போற்றத் தக்கதே. ஆனால், ஆற்றுவெள்ளம் பாலத்தை எவ்வாறு அரித்தது? அபாயத்தை வண்டிக்கு முன்கூட்டி உணர்த்த இயலாமற் போனது எதனால்? இவற்றை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? பதவி விலகியவரை நினைவில் வைத்தோம், பாலத்தை மறந்தோம். 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடிக்குச் சென்ற வண்டியைக் கடல் கொண்டதும் இவ்வாறே நமக்கு ஒரு சோகக் கதையாக மட்டும் நின்றுவிட்டது. தைட்டானிக் கப்பலின் கதையை விரிவாகச் சொல்லும் என் வகுப்புத் தோழர்கள் சிலர் மருதையாற்றின் பெயரையே கேட்டிலர்.

இம்மறதி எவ்வளவு கொடியது என்பதை என் ஊரில் நான் கண்டேன். வ. புதுப்பட்டி மலையடிவாரத்துச் சிற்றூர். தென்னந்தோப்புகளும் வயல்களும் சூழ்ந்தது. எங்கள் பக்கத்துச் சாலையொன்றில் ஓடைப்பாலம் ஒன்றுண்டு. அதன் கைப்பிடிச் சுவர் ஒருபுறம் இடிந்து கிடந்தது. ஓரிரவு, வேலை முடித்து இருசக்கர வண்டியில் திரும்பிய இளைஞர் ஒருவர் அவ்விடத்தில் ஓடைக்குள் வீழ்ந்து இறந்தார். ஊரார் அழுதனர்; கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டினர்; “அவன் விதி அவ்வளவுதான்” என்றனர். சுவரைப் பற்றி ஒருவரும் பேசிற்றிலர். பேசாதவர்களுள் யானும் ஒருவன். அடுத்த ஆண்டு மழைக்காலத்தில், அதே இடத்தில், மற்றொருவர் வீழ்ந்தார். அதன் பின்னரே சுவர் எழுந்தது. முதல் மரணத்தை நாம் விசாரித்திருந்தால் இரண்டாம் மரணம் நேர்ந்திராது என்னும் எண்ணம் இன்றும் என்னை உறுத்துகின்றது.

நம் நாட்டுச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,68,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒரே சமயத்தில் முந்நூறு பேர் இறந்தால் உலகமே திரும்பிப் பார்க்கிறது. நாள்தோறும் நானூற்றுக்கு மேற்பட்டோர் தனித்தனியே இறந்தால் எந்தப் படப்பெட்டியும் வருவதில்லை. அவர்களுக்குரிய கறுப்புப் பெட்டி யாது? கண்டவர் வாய்மொழியும், அவ்விடத்தின் நிலையும், அவற்றை எழுதி வைக்கும் கையுமே.

ஆதலின், மாணவ நண்பர்களே, இப்படங்களை நீங்கள் பார்க்கலாகாது என்று யான் கூறேன். பாருங்கள், ஆனால் தீப்பிழம்பு அணைந்தவுடன் எழுந்து போய்விடாதீர்கள். பிற்பகுதியில் வரும் விசாரணையாளரின் பொறுமையைக் கற்றுக்கொள்ளுங்கள். அக்கண்ணைக் கொண்டு உங்கள் ஊர்ப் பாலத்தையும், வளைவையும், விளக்கில்லாத சந்திப்பையும் நோக்குங்கள். நம் மொழியில் அரியலூரைப் பற்றியும் தனுஷ்கோடியைப் பற்றியும் காரண காரியங்களோடு படமெடுக்க வல்லார் உங்களுள்ளிருந்து தோன்றட்டும். அதுவரையில், இடிந்த சுவரொன்றைக் கண்டால் உரியவர்க்கு ஒரு விண்ணப்பமேனும் எழுதுங்கள். அன்று யான் எழுதத் தவறிய விண்ணப்பத்திற்கு ஈடாகவே இக்கட்டுரையை எழுதினேன்.