புகைக்குப் பூசை எதற்கு?

பழைய மொபெட்டின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டார் பொருத்துவதை ஒரு மகாபாதகம் போல் சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். 'மூலத்தைச் சிதைக்காதீர்கள்', 'பாரம்பரியத்தைக் கொல்லாதீர்கள்' என்று அவர்கள் உருகுகிற உருக்கத்தைப் பார்த்தால், யாரோ தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை இறக்கிவிட்டுத் தகரக் கொட்டகை போட்டுவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. விசாரித்தால் சங்கதி இவ்வளவுதான்: கார்ப்பரேட்டர் அடைத்து, சைலன்ஸர் ஓட்டையாகி, மாட்டுக் கொட்டிலில் கோழி அடையும் இடமாகிவிட்ட ஒரு வண்டிக்கு யாரோ மறுவாழ்வு கொடுத்திருக்கிறார். இதில் பாதகம் எங்கே வந்தது?

பாரம்பரியம் பேசுகிறவர்கள் முதலில் அந்த வண்டியின் வம்சாவளியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1946இல் பிரான்ஸில் விற்பனைக்கு வந்த வெலோசொலெக்ஸ் என்பது என்ன? ஒரு சைக்கிள், அதன் முன்சக்கரத்தின் தலையில் ஒரு குட்டி எஞ்சின், அந்த எஞ்சினிலிருந்து ஓர் உருளை டயரை அழுத்திச் சக்கரத்தைத் தள்ளும். அவ்வளவுதான். 'மொபெட்' என்ற சொல்லே 1952இல் ஹரால்ட் நீல்சன் என்ற ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகையாளர் மோட்டாரையும் பெடலையும் சேர்த்து முடிந்த முடிச்சு. ஆகவே மொபெட்டின் குலதர்மமே ஒட்டுப் போடுவதுதான்! சைக்கிளில் எஞ்சினை ஒட்டியபோது சைக்கிளின் கற்பு கெட்டுவிடவில்லை. எஞ்சின் இருந்த இடத்தில் மோட்டாரை வைத்தால் மட்டும் மொபெட்டின் கற்பு கெட்டுவிடுமா?

நம் நாட்டுக்கு வருவோம். இத்தாலியப் பியாஜியோவின் 'சியாவோ'வைத் தழுவி 1972இல் லூனா வந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது, இந்தியாவில் இருவர் ஏறிச் செல்லக்கூடிய முதல் மொபெட் அதுதான். ஆனால் அதன் முதுகில் இருவர்தானா ஏறினார்கள்? பால்கேன் ஏறிற்று, பூக்கூடை ஏறிற்று, இளநீர்க் குலை ஏறிற்று, புல்லுக்கட்டு ஏறிற்று, ஒரு குடும்பமே ஏறிற்று. அது யாருடைய அந்தஸ்தையும் உயர்த்துவதற்காக வந்த வண்டியல்ல. சுமையை இறக்குவதற்காக வந்த வண்டி. அதன் பெருமை அது சுமந்த சுமையில் இருக்கிறதே தவிர, அது கக்கிய புகையில் இல்லை.

அந்தப் புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்த நாளைய இரண்டு வீச்சு எஞ்சினில் பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து எரிக்கிறோம். புதுக் கலவை உள்ளே நுழைகிற கணத்தில், கழிவு வெளியேறுகிற வாசலும் திறந்தே இருக்கிறது. வந்த விருந்தாளிகளில் ஒரு பகுதியினர் சாப்பிடாமலே கொல்லைப்புற வாசல் வழியாகப் போய்விடுவது போல, பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே வெளியே போய்விடுகிறது. காசு ஓட்டுகிறவனுடையது, நஞ்சு, தெருமுனையில் பள்ளிக்கூட வண்டிக்காகக் காத்து நிற்கும் குழந்தையுடையது. 'அந்த வாசனையில் என் இளமை இருக்கிறது' என்று ஓர் அன்பர் சொல்லக்கூடும். இருக்கட்டும், ஐயா. உம்முடைய இளமையை அந்தக் குழந்தையின் நெஞ்சுக்கூட்டில் ஏன் ஏற்றுகிறீர்?

'மின்சாரம் மட்டும் ஆகாயத்திலிருந்தா குதிக்கிறது? அதுவும் நிலக்கரிப் புகைதானே?' என்று மடக்குகிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதிலும் உண்டு. நெய்வேலியிலும் எண்ணூரிலும் எழும் புகை ஒரு புகைபோக்கியில் எழுகிறது. அதை வடிகட்டு என்று அரசாங்கத்தை நாம் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். லட்சம் சைலன்ஸர்களின் சட்டையைப் பிடிக்க முடியாது. முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளும் மின்சாரம்தான் தருகின்றன, பெட்ரோல் தருவதில்லை. தவிர, பெட்ரோலின் சக்தியில் பெரும்பகுதியை எஞ்சின் வெறும் சூடாகவே வீணாக்குகிறது. மின்மோட்டாரோ, தான் பெறுவதில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. 48 வோல்ட், 20 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று சேமித்து வைப்பது 960 வாட்-மணி. ஏறக்குறைய ஒரு யூனிட். அதைக் கொண்டு இலேசான ஒரு மொபெட் சந்தைக்குப் போய்த் திரும்பிவிடும்.

இனி, என் பக்கத்து ஆட்களோடும் சண்டை போடாமல் விட்டால் அது பட்சபாதமாகிவிடும். மாற்றிக் கட்டுகிறேன் என்று கிளம்பியிருக்கிறவர்களில் சிலர் செய்வது மறுவாழ்வு அல்ல, கொலை முயற்சி. எங்கிருந்தோ வாங்கிய பாட்டரியைப் பழைய துணியில் சுற்றி ஸீட்டுக்கடியில் திணிப்பது. துருப்பிடித்த சட்டத்தில் மோட்டாரை மாட்டி வேகம் பார்ப்பது. தேய்ந்த பிரேக்கைத் தொடாமலே விடுவது — இதெல்லாம் சாமர்த்தியமல்ல. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தகப்பனும் மகளும் புகையில் மூச்சுத் திணறி மாண்டார்களே, அது கடையில் வாங்கிய வண்டி. அதற்கே அந்தக் கதியென்றால், திண்ணையில் ஒட்டுப் போட்ட வண்டிக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்! சட்டம் உளுத்துப்போன வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும்; அதற்கு மோட்டார் வேண்டாம், ஒரு கும்பிடு போதும்.

இங்கேதான் அரசாங்கம் குறுக்கே வருகிறது. வரவேண்டிய விதத்தில் வரவில்லை என்பதுதான் வழக்கு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. பரிசோதித்து அங்கீகரிக்கப்பட்ட மின்சாரச் சாதனத்தைப் பொருத்திக்கொள்ள வழியும் வைத்திருக்கிறது. வழி இருக்கிறது; வாசல்தான் ஏழைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. எந்த ரக வண்டிக்கோ அந்த ரகத்துக்கென்று சோதனை நடத்தி அங்கீகாரம் வாங்க வேண்டுமாம். தயாரிப்பு நின்றுபோன ஒரு மொபெட்டுக்காக எந்த முதலாளி பணத்தைக் கொட்டிச் சோதனை நடத்துவான்? பூக்காரர் நடத்துவாரா? விளைவு என்ன? நேர்வழி மூடிக் கிடப்பதால் ஜனங்கள் வேலி தாண்டுகிறார்கள். தாண்டியவர்களைப் பிடித்து அபராதம் போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று அதிகாரிகள் காப்பி குடிக்கிறார்கள்.

செய்யவேண்டியது பெரிய வித்தையல்ல. இலேசான மொபெட்டுகளுக்கென்று பொதுவான ஒரு விதி எழுதுங்கள்: இன்ன பாட்டரி, இன்ன பிரேக், இன்ன வேக வரம்பு என்று. மாவட்டந்தோறும் இருக்கும் அரசாங்கப் பாலிடெக்னிக்குகளில் வண்டியைப் பரிசோதித்துச் சான்று கொடுங்கள். மாணவனுக்கும் தொழில் வரும். மெக்கானிக்குக்கும் பிழைப்பு வரும். ஓட்டுகிறவனுக்கும் உயிர்ப் பயம் போகும்.

அப்படியானால் பழைய வண்டிகளே மிஞ்சக்கூடாதா? யார் சொன்னது? 2021இல் மத்திய அரசு ஒரு விதி செய்திருக்கிறது: முதல் பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்து, மூலவடிவம் மாறாத வண்டிகளைப் 'பழம்பெரும் வாகனம்' என்று பதிவு செய்துகொள்ளலாம். அப்படி முழுசாக மிஞ்சியவற்றில் கைவைக்கிறவனை நானும் கண்டிப்பேன். ஆனால் அதே விதி, அந்த வண்டியை அன்றாடக் காரியத்துக்கு ஓட்டக்கூடாது என்றும் சொல்கிறது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் அது போகலாம், பால் ஊற்றப் போக முடியாது. முதல் டி.வி.எஸ். 50க்கு அந்த வயது 2030இல்தான் வரும். கண்ணாடிக் கூண்டில் வைக்கச் சில வண்டிகள் போதும். மீதி அத்தனையையும், தூய்மையின் பெயரால், மழையில் துருப்பிடிக்க விடுவது பக்தியா? வேலைக்காரனுக்குச் சிலை வைத்துவிட்டு அவன் பிள்ளைக்கு வேலை இல்லை என்று சொல்லும் பெரிய மனிதத்தனம் அது.

லூனாவைச் செய்தவர்களின் குடும்பத்து நிறுவனமே 2024இல் அந்தப் பெயரை மின்சார வண்டிக்குச் சூட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெற்றவர்களுக்கே மனத்தாங்கல் இல்லாதபோது, வழிப்போக்கர்கள் ஏன் ஒப்பாரி வைக்க வேண்டும்? புது வண்டி வாங்க வசதியுள்ளவர் தாராளமாக வாங்கட்டும். வசதியில்லாதவனிடம் நல்ல சட்டமும் இரண்டு சக்கரங்களும் இருக்கின்றன. அவன் கேட்பது நியாயமான விலையில், நெருப்புப் பிடிக்காத ஒரு மோட்டாரும் பாட்டரியும். அதைக் கொடுக்க முடியாதவர்கள் தயவுசெய்து அவனுக்குப் பாரம்பரியம் போதிக்க வரவேண்டாம்.