கார் டீட்டெய்லிங் பகுதி நேரத் தொழில்: எஸ்.எஸ்.எம். பதிவு மட்டும் போதுமா?

சுங்கை பூலோ – ரப்பர் ஆய்வுக் கழகத்தின் மரங்கள் நின்ற நிலத்தில் இன்று குவாசா டாமன்சாரா நகரம் எழுந்து வருகிறது. 2016 டிசம்பரில் எம்.ஆர்.டி. ஓடத் தொடங்கியது. குடியிருப்புகள் பெருகப் பெருக, கார்களை மெருகூட்டும் டீட்டெய்லிங் வேலைக்கும் வாய்ப்பு கூடியுள்ளது. வார நாளில் தொழிற்சாலை, வார இறுதியில் பாலிஷ் இயந்திரம் என்று இறங்கும் நம் இளைஞர்களுக்கு இது நல்ல பக்க வருமானம். ஆனால், பலர் எஸ்.எஸ்.எம். பதிவோடு நின்றுவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழிலைத் தொடங்கிய 30 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி. வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி. தவறினால் 50,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ விதிக்க முடியும்.

இந்தப் பதிவு பெயருக்கு மட்டுமே, இடத்திற்கு அல்ல. இடத்திற்கான உரிமத்தை ஊராட்சி மன்றம்தான் தர வேண்டும். சுங்கை பூலோவின் ஒரு பகுதி ஷா ஆலம் மாநகர் மன்றத்தின் கீழும், இன்னொரு பகுதி செலாயாங் நகராண்மைக் கழகத்தின் கீழும் வருகிறது. எனவே, கடைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே அந்த இடம் யாருடைய எல்லை, அங்கு வாகனம் கழுவ அனுமதி உண்டா, கழிவுநீரில் எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி தேவையா என்று கேட்டுவிடுவது நல்லது. வீட்டு வாசலில் செய்யும் தொழிலுக்கு அனுமதி பெறுவது எளிதல்ல. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் என்றால் நிர்வாகக் குழுவின் சம்மதமும் வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறுவது காப்புறுதியைத்தான். வாடிக்கையாளரின் காரைச் சற்றே நகர்த்தும்போது தூணில் மோதினால் என்ன ஆகும்? 'அவர் காருக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே' என்ற எண்ணம் கைகொடுக்காமல் போகலாம். தனியார் கார் காப்புறுதிப் பத்திரங்கள், வாகனத் தொழில் தொடர்பான பயன்பாட்டைப் பொதுவாக விலக்கி வைத்துள்ளன.

சரி, பொதுப் பொறுப்புக் காப்புறுதி எடுத்தால் போதுமா? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தரையில் கிடந்த ஈர ஹோஸில் இடறி விழுந்தவருக்கு அது உதவும். ஆனால், நம் கைவசமும் பொறுப்பிலும் இருக்கும் பொருளுக்கு நேரும் சேதத்தை அது வழக்கமாக ஏற்பதில்லை. டீட்டெய்லிங்கில் அந்தப் பொருளே வாடிக்கையாளரின் கார்தான்! பாலிஷ் இயந்திரம் பெயிண்டை உரித்துவிட்டால், 300 வெள்ளி கூலிக்குச் செய்த வேலை பல ஆயிரம் வெள்ளி கடனாக மாறிவிடும். ஆகவே, 'பொறுப்பில் உள்ள வாகனங்களுக்கும், வேலையின்போது ஏற்படும் சேதத்திற்கும் பாதுகாப்பு உண்டா?' என்று முகவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

'சேதத்திற்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று பலகை மாட்டினாலும் தப்பிக்க முடியாது. நியாயமான கவனத்தோடு சேவை வழங்க வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். வாடிக்கையாளர் வெறும் 5 வெள்ளி கட்டணத்தில், 50,000 வெள்ளி வரையிலான இழப்பீட்டுக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம்.

தொழில் செய்பவரின் உடலுக்கும் பாதுகாப்பு தேவை. சொக்சோவின் சுயதொழில் திட்டத்தில் மாதம் 13 வெள்ளி 10 சென்னில் தொடங்கும் சந்தா, வேலை விபத்துக்குக் கைகொடுக்கும். உதவிக்கு ஆள் சேர்த்தால், அவருக்கும் சொக்சோ, இ.பி.எப். கட்டுவது முதலாளியின் கடமை.

இத்தனையும் ஒரே நாளில் முடியாதுதான். காப்புறுதி கிடைக்கும் வரை வாடிக்கையாளரே காரைக் கொண்டுவந்து எடுத்துச் செல்லட்டும். வேலைக்கு முன்பும் பின்பும் படம் எடுத்து, இருக்கும் கீறல்களைக் குறித்துக் கையொப்பம் வாங்கலாம். இதற்குச் செலவே இல்லை. நாளை தெக்குன் ஸ்புமி போன்ற கடனுதவிக்குப் போகும்போதும் முதலில் கேட்கப்படுவது பதிவும் உரிமமும்தான். கைத்தொழில் நம்மிடம் இருக்கிறது. அதைக் காக்கும் காகிதங்களையும் கையில் வைத்திருப்போம்.